ஏழாவது பட்டன்

3 ஜூன், செவ்வாய்

காலை பத்து மணிக்கு எல்லாரையும் மேல்மாடிக்கு வரச் சொன்னார்கள். பதினொரு பேர், பதினொரு நாற்காலி, ஒரு தட்டு கறிபாப். மேலாளர் மகேந்திரன் சார் பேசினார். எங்கள் லாரி கம்பெனியைக் கோலாலம்பூரிலிருக்கும் கே.எல்.காரர்கள் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. இனிப் பழைய கம்ப்யூட்டர் முறை போகிறது, புதியது வருகிறது. "இங்க பாருங்க, எவ்வளவு சுலபம் பாருங்க, இந்தக் கலரப் பாருங்க." பதினாலு தடவை 'பாருங்க' சொன்னார். எண்ணிக்கொண்டிருந்தேன். எனக்கு அங்கே வேறு என்ன வேலை?

முடிவில் என் பக்கம் திரும்பி, "கலா! உனக்கும்! சுலபமா! இருக்கும்!" என்று கத்தினார். கண்தான் தெரியாது சார், காது நன்றாகவே இருக்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. வாயில் கறிபாப் இருந்ததால் விட்டுவிட்டேன்.

பதினேழு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். எண்ணெய்ப்பனைத் தோட்டங்களிலிருந்து போன் வரும், உர மூட்டைக்கு லாரி வேண்டும் என்பார்கள், நான் ஆர்டர் பதிவேன். ஒரு காதில் அவர்கள், மறு காதில் என் வாசிப்பான். திரையில் இருப்பதையெல்லாம் குரலாகச் சொல்லும் அந்தக் குரலுக்குக் கங்காணி என்று பெயர் வைத்திருக்கிறேன். அதட்டல் குரல். பேசுகிற வேகத்தில் மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. எனக்கு அதுதான் இசை. ஒரு நாளைக்கு அறுபது ஆர்டர். மௌஸ் என்ற சாமானை நான் தொட்டதே கிடையாது.

5 ஜூன், வியாழன்

பயிற்சி. நாற்பது நிமிட வீடியோ. முழுக்க முழுக்கப் பியானோ வாசிப்பு. பேச்சே இல்லை. பக்கத்து நாற்காலி குமுதாவிடம் கேட்டேன். "அம்புக்குறி வருதுக்கா. இங்க அமுக்கு, அங்க அமுக்குன்னு காட்டுது."

முடிந்ததும் வருகைத் தாளில் என் கைநாட்டை வாங்கிக்கொண்டார்கள். பயிற்சி பெற்றவர் என்று என் பெயர் ஏறிவிட்டது. பியானோ நன்றாகத்தான் இருந்தது.

9 ஜூன், திங்கள்

புதிய முறை இன்று தொடங்கியது. புதிய மடிக்கணினி, புதிய வாசிப்பான். அதன் குரல் மூச்சு விட்டுவிட்டுப் பேசும் ஒரு நாகரிகப் பெண். விருந்தாளி மாதிரி தயங்கித் தயங்கி வருகிறாள்; விருந்தாளி என்றே பெயர் வைத்துவிட்டேன். ஆர்டர் பக்கத்துக்குப் போனேன். அவள் சொன்னது இதுதான்:

பட்டன். பட்டன். பட்டன். பட்டன். படம். பட்டன்.

மொத்தம் இருபத்துமூன்று. ஒன்றுக்கும் பெயர் இல்லை. படம் போட்டுவிட்டார்கள், பெயர் வைக்க மறந்துவிட்டார்கள். கண் தெரிந்தவர்களுக்குப் படம் போதும்.

மாலைக்குள் கணக்கு கண்டுபிடித்தேன். ஏழாவது பட்டன் சேமிக்கும். எட்டாவது அழிக்கும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்த புண்ணியவான் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

இன்று பதினொரு ஆர்டர்.

பழைய மெசினைக் குப்பைக்குப் போடுவதாகச் சொன்னார்கள். கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். இதை அதில்தான் எழுதுகிறேன். கங்காணி நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் திட்டுவது போலப் படிக்கிறது. அப்பாடா.

10 ஜூன்

ஒன்பது.

12 ஜூன், வியாழன்

செய்துவிட்டேன். எட்டாவதை அமுக்கிவிட்டேன்.

லாரி ஓட்டும் அப்பாவு அண்ணன் ஆயர் தாவாரிலிருந்து மதியம் போன் செய்தார். "தங்கச்சி, காலையிலேருந்து தோட்ட வாசல்ல நிக்கிறேன்லா. காவலுக்கு நிக்கிற ஜாகா உள்ள விடமாட்டேங்கிறான், ஆர்டர் இல்லேங்கிறான்." ஆர்டர் இருந்தது அண்ணே. நான்தான் அழித்தேன். ஏழு எண்ணும்போது பாதியில் போன் அடித்தது, எண்ணிக்கை தப்பியது.

மன்னிப்புக் கேட்டேன். "தாக் அபா, விடு" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பதினேழு வருடத்தில் என்னால் ஒரு லாரி வாசலில் நின்றதில்லை.

16 ஜூன், திங்கள்

மகேந்திரன் சார் கூப்பிட்டார். இந்தத் தடவை கத்தவில்லை. அதுவே பயமாக இருந்தது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஒரு நாளைக்கு நாற்பது ஆர்டர் எடுக்க வேண்டும். முடியாவிட்டால்? "அப்புறம் பாக்கலாம்." அந்தச் சொல்லை விடவே மாட்டார் போலிருக்கிறது.

வீட்டில் சொன்னேன். அண்ணன் சீனி சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டே, "வேல போனா போவுது. நீ வீட்டுல இரு. நான் சோறு போடமாட்டேனா?" என்றான். நல்ல மனசுதான். அண்ணி ரசச் சட்டியைச் சற்று அழுத்தி வைத்தாள்.

பார்வையற்றோர் பள்ளியில் என்னோடு டெலிபோன் வேலை படித்தவர்கள் ஆறு பேர். இப்போது அந்த வேலையில் இருப்பது நான் ஒருத்திதான். விக்னேஸ்வரி சாப்பாட்டுக் கடைகளில் மேசை மேசையாக டிஷ்யூ விற்கிறாள். போன மாதம் புந்தோங் கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது என் மேசைக்கே வந்தாள். குரலைக் கேட்டதும் இருவரும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து அழுதேன். அவளுக்காக அழவில்லை. வெட்கம்தான், ஆனாலும் எழுதுகிறேன்: எனக்காகத்தான்.

20 ஜூன், வெள்ளி

புதிய முறையைப் பார்த்துக்கொள்ளும் தனேஸ்வரன் இன்று என் பக்கத்தில் உட்கார்ந்தான். குரலுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒப்பந்தத்தில் வந்தவன்.

"சூசா இல்லக்கா, சுலபந்தான். பச்சை பட்டன அமுக்குங்க."

"தம்பி, பச்சை எப்படிப்பா கத்தும்?"

நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டான். பிறகு, "சரி, மேல வலது மூலையில இருக்கு பாருங்க."

"எங்கே பார்க்க?"

எனக்குப் பொறுக்கவில்லை. ஒலிபெருக்கியைப் போட்டு அவன் பட்டன்களை அவனுக்கே கேட்க வைத்தேன். பட்டன், பட்டன், பட்டன், இருபத்துமூன்று தடவை. "ஐயோ" என்றான். உடனே ஏழாவதுக்கு மட்டும் 'சேமி' என்று பெயர் வைத்தான். மற்றதுக்கெல்லாம் கே.எல்.லில் அனுமதி கேட்க வேண்டுமாம். எழுதிப் போட்டால் மூன்று மாதம் ஆகுமாம்.

எட்டாவது ஊமையாகவே இருக்கிறது. ஆனால் ஏழாவது வாயைத் திறந்துவிட்டது. பதினெட்டு ஆர்டர்.

4 ஜூலை, வெள்ளி

முப்பத்தொன்று!

ஒரு வேடிக்கை. புதிய முறையில் இடத்தைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். பட்டியலில் தாமான் என்கிற புதுக் குடியிருப்புப் பெயர்கள், மலாய்ப் பெயர்கள். போனில் பேசுகிறவர்களோ இன்னும் ரப்பர் காலத்துப் பெயரைத்தான் சொல்கிறார்கள். "ஆறாங்கட்டை பழைய தோட்டம்" என்றால் குமுதா திரையைப் பார்த்து முழிக்கிறாள். அந்த இடத்தில் இப்போது நூறு வீடும் ஒரு கார் கழுவும் கடையும். நான் சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். எது எதுவாக மாறியது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் தட்டி ஏற்றிவிட்டேன்.

இப்போது குமுதாவே என்னைக் கேட்டுத்தான் இடம் கண்டுபிடிக்கிறாள். "அக்கா, எங்க இருக்கு இது?" யார் யாருக்கு வழி சொல்கிறார்கள் பார்!

8 ஜூலை, செவ்வாய்

இதை எப்படி எழுதுவது?

விடுப்புக்கு விண்ணப்பிக்கப் போனேன். அந்தப் பக்கத்தில் நம் அலுவலகத்துப் பதினொரு பேரும் வரிசையாக இருப்பார்கள். நமக்குப் பதிலாக யார் வேலை பார்ப்பார் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். விருந்தாளி நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தாள். பெயர். வேலை. போன் நம்பர். அதற்குப் பிறகு இன்னொரு கட்டம். ஆங்கிலத்தில்தான் படித்தாள்:

"கலாதேவி. ஆர்டர். ஆகஸ்ட் ஒன்று. விடுவிக்கவும். தேர்வில் தவறியதாகக் காட்டவும்."

திரும்பப் போனேன். எழுத்து எழுத்தாகக் கேட்டேன். அதேதான். எழுதிய தேதியும் இருந்தது: ஜூன் பத்து. எனக்கு நாற்பது ஆர்டர் என்று சொன்னது ஜூன் பதினாறு.

அப்படியென்றால் என்ன பரீட்சை இது? எதுக்குடா நான் ஒரு மாசமா சாப்பாட்ட விட்டுட்டு பட்டன் எண்ணிக்கிட்டு இருந்தேன்?

9 ஜூலை, புதன்

குமுதாவைக் கூப்பிட்டேன். "இந்தப் பக்கத்துல போன் நம்பருக்கு அப்புறம் என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணும் இல்லியேக்கா."

"நல்லாப் பாரு."

"வெள்ளையாதான்க்கா இருக்கு." பிறகு என் தோளைத் தொட்டு, "பசியாறினீங்களா? முகமே சரியில்ல" என்றாள்.

எனக்குக் கேட்கிறது, அவளுக்குத் தெரியவில்லை. நான் பைத்தியமா?

11 ஜூலை, வெள்ளி

பைத்தியம் இல்லை. யோசித்துக் கண்டுபிடித்தேன். வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். கண் உள்ளவருக்குத் தெரியாது. வாசிப்பானுக்கு நிறம் ஏது? கறுப்பும் வெள்ளையும் அவளுக்கு ஒன்றுதான், எனக்கும்.

இன்று துணிந்து பதினொரு வரியையும் கேட்டேன். குமுதா: வைத்துக்கொள்ளவும். எனக்குச் சந்தோஷம்தான், பொய் இல்லை. தனேஸ்வரன்: ஒப்பந்தம் ஜூலையோடு முடியும், புதுப்பிக்க வேண்டாம். பட்டன் வேலையெல்லாம் முடிந்ததாம்.

கடைசி வரி: "மகேந்திரன். மேலாளர். டிசம்பர். தெரிவிக்க வேண்டாம்."

தெரிவிக்கவில்லை. எனக்கு மட்டும் தெரிவித்துவிட்டார்கள்.

15 ஜூலை, செவ்வாய்

கேக் வெட்டினோம். கம்பெனி 'ஓகேயூ நண்பன்' என்ற ஏதோ பட்டியலில் சேர விண்ணப்பித்திருக்கிறதாம். ஓகேயூ என்றால் மாற்றுத்திறனாளி; அந்த அட்டை வைத்திருப்பவள் இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்திதான், ஆகவே நண்பனுக்கு நண்பி நான். கே.எல்.லிருந்து போட்டோக்காரர் வந்தார். என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, கையில் மௌஸைக் கொடுத்தார். பதினேழு வருடத்தில் முதல் தடவை. வழவழப்பாக இருந்தது.

"திரையப் பாத்து சிரிங்க சிஸ்டர்."

சிரித்தேன். மகேந்திரன் சார் எனக்குக் கேக் ஊட்டினார். "கலா நம்ம குடும்பம்" என்றார். இனிப்பு அவருக்கு ஆகாது, ஆனாலும் ஒரு துண்டு தின்றார். நீயும் பட்டியலில் இருக்கிறாய் ஐயா என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. என் வேலையைத் தின்ன இருக்கிற மனுசன். அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது, அதை நினைத்து எனக்கே எரிச்சல் வந்தது.

18 ஜூலை, வெள்ளி

தனேஸ்வரனிடம் சொல்லிவிட்டேன். நல்ல எண்ணத்தில் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. பச்சை பட்டன் என்று சொன்னவன் குரல் மாறுவதைக் கேட்க ஆசைப்பட்டேன்.

ஹெட்போனைக் கொடுத்தேன். அவனுக்கு விளங்கவில்லை; வேகத்தைக் குழந்தைக்குச் சொல்வது போலக் குறைத்தேன். கேட்டான். பிறகு மௌஸை இழுக்கும் சத்தம். "அக்கா... இழுத்துப் புடிச்சா எழுத்து தெரியுது. வெள்ளையில அடிச்சி வச்சிருக்கானுங்க." அந்தக் கட்டத்தை எடுத்துவிட வேண்டும், அதற்குச் சோம்பேறித்தனப்பட்டு நிறத்தை மாற்றிவிட்டார்கள் என்றான். இப்படி யாராவது 'கேட்பார்கள்' என்று எவனுக்கும் தோன்றவில்லை.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "போன மாசந்தான் வீட்டுக்கு முன்பணம் கட்டினேன்கா" என்றான். நான் எதிர்பார்த்த குரல் அது இல்லை. எனக்கு ஒரு ருசியும் வரவில்லை. கோப்பி வாங்கிக் கொடுத்தேன்.

24 ஜூலை, வியாழன்

நாற்பத்தொன்று. தேர்வில் தேறிவிட்டேன். தவறியதாகக் காட்டுவார்கள்.

28 ஜூலை, திங்கள்

போனேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மகேந்திரன் சார் அறைக்குள் நானே போனேன்.

"சார், நாப்பத்தொண்ணு, நாப்பத்திரண்டு, நாப்பது. போன வியாழக்கிழமையிலேருந்து கணக்கு."

"நல்லது கலா, நல்லது. ஆனா பாரு, மேல என்ன நெனக்கிறாங்கன்னா..."

"மேல என்ன நெனக்கிறாங்கன்னு நானே கேட்டுட்டேன் சார். நீங்களும் கேளுங்க."

ஒலிபெருக்கியைப் போட்டேன். விருந்தாளி தன் நாகரிகக் குரலில் ஆரம்பித்தாள். என் வரி வந்தது. நாற்காலி கிறீச்சென்றது.

"இது எப்படி... யார் காட்டினது உனக்கு?"

"எனக்கு யார் சார் காட்ட முடியும்?"

"நான் என்ன செய்றது கலா? மேலேருந்து வந்தது. நான் சொன்னாக் கேக்கிறானுங்களா? நிறுத்து அத. எப்படி நிறுத்துறது?"

எனக்குத் தெரியும். ஒரு விரல் வைத்தால் போதும். வைக்கவில்லை. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசி வரிக்கு வந்தாள்.

"மகேந்திரன். மேலாளர். டிசம்பர். தெரிவிக்க வேண்டாம்."

சின்னக் குரலில், "கடைசி வரிய மட்டும் இன்னொரு தடவ போடு கலா" என்றார்.

போட்டேன். மூன்று தடவை கேட்டார். இருபத்தாறு வருடம் இந்தக் கிளையில் இருப்பவர். மேசையின் இழுப்பறை திறந்தது. தாள் கிழிபட்டது, ஒரு முறை நீளமாக, பிறகு குறுக்கே.

"என்ன சார் அது?"

"உன் லெட்டர்."

29 ஜூலை

சார் காலையிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கே.எல்.லோடு போனில் கத்துகிறார். இந்தத் தடவை எதிரே இருப்பவருக்கு உண்மையிலேயே காது கேட்கவில்லை போலிருக்கிறது.

31 ஜூலை, வியாழன்

பட்டியலை 'மறுபரிசீலனை' செய்கிறார்களாம். யாரையும் எடுக்கவில்லை, இப்போதைக்கு. வெளியே கசிந்தால் ஓகேயூ நண்பன் போட்டோவுக்கு அசிங்கம் என்று கே.எல். பயந்துவிட்டதாகக் குமுதா சொன்னாள். நாற்பத்தொரு ஆர்டர் எடுத்தேன் என்பதற்காக இல்லை. மௌஸைப் பிடித்துச் சிரித்தேன் என்பதற்காக. சரி. இருக்கட்டும். நாளைக்கும் என் நாற்காலி இருக்கிறது.

தனேஸ்வரனுக்கு மட்டும் மறுபரிசீலனை இல்லை. ஒப்பந்தக்காரன்தானே. பினாங்கில் வேறு வேலை பிடித்துவிட்டான், சம்பளம் குறைவு. மத்தியானம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா செய்யற?"

"மிச்ச பட்டனுக்குப் பேர் வைக்கிறேன்கா."

"கே.எல்.ல கேக்கணும்னியே? மூணு மாசம்னியே?"

"கேக்காம வச்சா என்ன செய்வானுங்க? வேலய விட்டுத் தூக்குவானுங்களா?"

இருவரும் அப்படிச் சிரித்தோம், குமுதா எட்டிப் பார்த்தாள். வாசல்வரை போய் வழியனுப்பினேன். அழக்கூடாது என்றுதான் இருந்தேன். முடியவில்லை.

8 ஆகஸ்ட், வெள்ளி

நாற்பத்தாறு. இருபத்துமூன்று பட்டனும் இப்போது பேசுகிறது. எட்டாவதில் கை பட்டால் விருந்தாளி தன் கேவலமான தமிழ் உச்சரிப்பில் சொல்கிறாள்: "அழி. வேணாம்கா, ஏழுக்குப் போங்க." தினமும் ஒரு தடவை வேண்டுமென்றே அதில் கை வைக்கிறேன்.

அப்பாவு அண்ணன் லாரி இன்று தெலுக் இந்தானில் நேரத்துக்கு இறக்கிவிட்டது. அண்ணி ரசம் வைத்தாள், சட்டியை மெதுவாக வைத்தாள்.

சாயங்காலம் விடுப்புப் பக்கத்துக்குப் போனேன். பெயர், வேலை, போன் நம்பர். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. இந்தத் தடவை சரியாக வேலை செய்திருக்கிறார்கள். எங்கேயோ எழுதாமலா இருப்பார்கள்? எங்கே என்றுதான் எனக்கு இனித் தெரியாது. இரண்டு தடவை திரும்பப் போய்க் கேட்டேன். பிறகு குமுதாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"வெள்ளையாதான்க்கா இருக்கு" என்றாள்.